ஆறு மணிக் கட்டம்

எங்கள் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமாக மாடி வீடு இருந்ததால் அல்ல. இருந்தது ஓட்டு வீடு, மழை வந்தால் இரண்டு இடத்தில் ஒழுகும். பெரிய கொட்டகையின் கூரையை ஒட்டி ஓடும் கிரேனில் உட்கார்ந்து இரும்புத் தகடுகளைத் தூக்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. காலை ஆறு மணிக்கு அறுபத்திரண்டு படி இரும்பு ஏணி ஏறினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் இறங்குவார். இருபத்து மூன்று வருஷத்தில் நடுவில் இறங்கியது மூன்றே தடவை. ஒரு தடவை கொட்டகையில் தீப்பிடித்தது. ஒரு தடவை மகள் பிறந்த செய்தி வந்தது. மூன்றாவது தடவை போன மாதம், நெஞ்சு வலித்தபோது.

நான் அங்கே நேர அலுவலகத்தில் எழுத்தர். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் போனார், எந்த இயந்திரத்தை யார் சோதித்தார் என்று தாள் தாளாக வாங்கி அடுக்கி வைப்பது என் பிழைப்பு. மாடிக்காரர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணி எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு. ஒரு தட்டைத் தொட்டவுடனே அது எப்போது கழுவியது, சரியாகக் கழுவியதா என்று சொல்லிவிடும் கை அது. இந்தக் கதைக்கு அந்தக் கை முக்கியம்.

கிரேனுக்கு ஒரு சோதனைத் தாள் உண்டு. பிரேக், கொக்கி, கம்பிக் கயிறு, மணி, விளக்கு என்று பத்து வரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த நேரத்தில் பார்த்து டிக் போட வேண்டும். மாடிக்காரர் காலை ஐந்து ஐம்பதுக்கு என்னிடம் தாளை வாங்குவார், என் மேஜையிலேயே குனிந்து நின்று மதியம் இரண்டு மணி வரைக்குமான எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, ஐந்து ஐம்பத்தைந்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு பிரேக் நல்லா இருக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?" என்று ஆரம்ப காலத்தில் கேட்டிருக்கிறேன்.

"நேத்து நல்லா இருந்துச்சுல்ல? அப்ப இன்னிக்கும் இருக்கும். இந்தத் தாளுக்காக நான் நாலு தடவை எறங்கி ஏறணுமா?"

அவர் சொன்னது பொய்யுமில்லை. அவருக்குக் கிரேனின் சத்தமே போதும், எந்த உறுப்பு சரியில்லை என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு விபத்துகூட நடந்ததில்லை. நானும் அந்தத் தாள்களின் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தி அடுக்கிக்கொண்டே வந்தேன். எத்தனை ஆயிரம் முத்திரை என்று இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மேலே கழிப்பறை கிடையாது. அடுத்த ஷிஃப்ட்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறுவார். அவரைப் பாட்டில்காரன் என்று மாடிக்காரர் கேலி செய்வார். இவர் கண்டுபிடித்த வழி வேறு. தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் அரை டம்ளர் டீ, அவ்வளவுதான். கூரைத் தகடு காய்ந்து கிரேன் கூண்டுக்குள் அனலாக அடிக்கும் மாதங்களிலும் அதே அரை டம்ளர்.

"மேல ஏறுற மனுஷன் தண்ணி குடிக்கக் கூடாதுப்பா. கீழ இருக்கறவனுக்கு நான் பத்து டன்னைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போறவன். அவசரமா ஏணியில எறங்கி ஓடறதை ஒரு தடவை பாத்துட்டான்னா அப்புறம் என் மணிச் சத்தத்துக்கு எவன் ஒதுங்குவான்?"

பத்து வருஷமாகச் சர்க்கரை. ஏணி ஏறி ஏறி இரண்டு முட்டியும் தேய்ந்து, அதற்கு ஒரு சிவப்பு மாத்திரை. அண்ணி திட்டுவார், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். போன மாதம் வேலை நடுவில் இறங்கும்போது நாற்பதாவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே இருந்தவர்கள் மனுஷன் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தார்களாம். தொழிற்சாலை மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஆஞ்சியோகிராம் என்றார்கள்.

ஆண்கள் வார்டில் பார்வை நேரம் தவிர மற்ற நேரத்தில் பெண்களை விட மாட்டார்கள். அதனால் துணைக்கு நான் இரண்டு நாள் விடுப்புப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்த்தோம். மழை வருவதும் இல்லை, விடுவதும் இல்லை என்று ஒரு வாரமாகத் தூறிக்கொண்டிருந்தது. வார்டு ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத் துண்டுகள், ஒன்றும் காயவில்லை.

மருத்துவர் ஒரு சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. ஆனால் அவசரப்படாமல் உட்கார்ந்து சொன்னார்.

"ஐயா, நாளைக்குக் கை ரத்தக் குழாய் வழியா ஒரு சாயம் மாதிரி மருந்து செலுத்துவோம். அப்பத்தான் படத்துல இதயத்துக் குழாய் தெரியும். அந்த மருந்து உடம்பை விட்டு வெளிய போகணும்னா கிட்னி வழியாத்தான் போகணும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ரத்தத்துல உப்பு இப்பவே ஒண்ணு புள்ளி மூணு இருக்கு. கிரியாட்டினின்னு சொல்வோம். அதனால கிட்னிக்கு அடி விழ வாய்ப்பு இருக்கு."

"நெஞ்சுக்குத்தானம்மா வந்தேன்," என்றார் மாடிக்காரர்.

"அதான் முன்னாடியே சொல்றேன். அடி விழுந்தா ரத்தத்துல தெரிய ரெண்டு நாள்கூட ஆகும். அதுக்கு முன்னாடி சில பேருக்குச் சிறுநீர் குறையும். அன்னிக்கே தெரிஞ்சா நாங்க ஏதாவது செய்ய முடியும். அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எவ்வளவு போகுதுன்னு இந்த ஜாடியில அளந்து, இந்தத் தாள்ல எழுதணும். சொன்ன அளவு தண்ணி குடிக்கணும். முட்டிவலி மாத்திரை தொடவே கூடாது. புரிஞ்சுதா?"

அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தாளைப் பார்த்தேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் கட்டம். எங்கள் கிரேன் தாளேதான், பிரேக்குக்குப் பதில் சிறுநீர்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஆஞ்சியோ முடிந்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு கட்டுடன் தள்ளுவண்டியில் வந்தார். முகத்தில் சிரிப்பு. ஒரு குழாயில்தான் அடைப்பாம், அதுவும் பாதிதான், மாத்திரையே போதுமாம்.

"பாத்தியா? இதுக்குப் போய் உங்க அண்ணி மூக்கைச் சிந்தினா. அடுத்த வாரம் மேல ஏறிடுவேன்."

அவருக்கு ஒரே கவலை அதுதான். உயரத்தில் வேலை செய்யத் தகுதி என்று வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சான்று வாங்க வேண்டும். அதில் ஏதாவது எழுதிவிட்டால் தரையில் போட்டுவிடுவார்கள். தரை என்று சொல்லும்போதே அவர் முகம் கோணும்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். உயரமான பெண், சத்தமான குரல். எட்டாவது படுக்கைக்குப் பேசினால் முதல் படுக்கைக்காரர் எழுந்து உட்காருவார். பத்து மணிக்கு வந்து, "ஐயா, போச்சா? எவ்வளவு? எழுதினீங்களா?" என்று கேட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. மாடிக்காரரின் காது சிவந்துவிட்டது. மகள் வயதுப் பெண்.

"நானே எழுதி வெச்சிடறேம்மா. சாயங்காலம் மொத்தமாத் தர்றேன்," என்றார் மெதுவாக.

நர்ஸுக்கு அந்த வார்டில் முப்பத்திரண்டு பேர். சரி என்று போய்விட்டார்.

நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது பதினொன்று இருக்கும். அவர் தாளைத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். பத்து மணிக்கு முந்நூறு. பன்னிரண்டு மணிக்கு இருநூற்றைம்பது. இரண்டு மணிக்கு முந்நூற்றைம்பது. நாலு மணிக்கு இருநூறு. ஆறு மணிக்கு முந்நூறு. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. கீழே கையெழுத்துகூடப் போட்டிருந்தார்.

"அண்ணே," என்றேன், "ஆறு மணிக்கு முந்நூறு வரும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"உன் ஆபீஸ்ல கத்துக்கிட்டதுதானே?"

இருவரும் சிரித்தோம். அவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். நானும் சத்தமாகவே சிரித்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். தாளை மடித்து அவர் தலையணைக்கு அடியில் நானே வைத்தேன்.

அன்று முழுக்க அவர் கழிப்பறைக்குப் போனது ஒரே தடவை. தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. இதெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடச் சரியல்ல. தோன்றியது, நமக்கெதற்கு, நாளைக்கு வீட்டுக்குப் போகப் போகிறார், நாலு பேர் முன்னால் மனுஷனை ஏன் தலைகுனிய வைக்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டாவது தோன்றியதுதான் ஜெயித்தது.

செவ்வாய்க்கிழமை காலை ரத்தத்தில் உப்பு ஒன்று புள்ளி ஐந்து. டாக்டரம்மா அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை எடுத்துப் பார்த்தார்.

"உப்பு லேசா ஏறியிருக்கு. ஆனா சிறுநீர் நல்லாப் போயிருக்கு..." என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். "ஐயா, இது நீங்க அளந்து எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

நான் படுக்கைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி. வீட்டுக்குப் போங்க. வீட்டுலயும் இதே மாதிரி எழுதுங்க. வியாழக்கிழமை காலையில ரத்தம் குடுக்க வரணும். அதுக்குள்ள சிறுநீர் குறைஞ்சா வியாழன் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வந்துடுங்க."

மதியம் வீடு வந்து சேர்ந்தோம். அண்ணி வாசலில் நின்றிருந்தார். கேண்டீனுக்குக் கிளம்பிய சேலையோடு, கையில் புதிதாக வாங்கிய ஒரு பிளாஸ்டிக் ஜாடி. வீட்டிலும் அளக்க வேண்டும் என்று நான் போனில் சொன்னதும் கடையில் அளவுக் கோடு போட்ட ஜாடி என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

"நல்லா பேசினாங்களா டாக்டர்? என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியாப் போச்சு. நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னுட்டாங்க," என்றார் மாடிக்காரர்.

"தண்ணி குடிக்கச் சொன்னாங்களாமே?"

"குடிக்கிறேன், குடிக்கிறேன். நீ வேலைக்குப் போ."

புதன்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன். கிரேனில் பாட்டில்காரர் இரண்டு ஷிஃப்ட்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் காலையிலேயே எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டார். நானும் முத்திரை குத்தினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பும்போது எதிர்வீட்டில் அண்ணியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. அந்த வீட்டில் சத்தம் வருவது அபூர்வம். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன்.

மாடிக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. காலையில் குடித்த கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்திருக்கிறார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அண்ணி அந்த ஜாடியைக் கையில் வைத்திருந்தார்.

"இது நேத்து மத்தியானம் வாங்கினது," என்றார் என்னைப் பார்த்து. "இதோட அடியில கடைக்காரன் ஒட்டின சீட்டு இருக்கு. கழுவும்போது ஊறி வரும், அப்புறம் பிச்சுக்கலாம்னு விட்டேன். இப்பப் பாருங்க."

ஜாடியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் அந்தக் காகிதச் சீட்டு ஒரு ஓரம்கூடச் சுருங்காமல் மொடமொடவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி இதுல பட்டதில்ல. ஆனா தாள்ல பாருங்க. இன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் எழுதியிருக்கு."



"குத்துமதிப்பாப் போட்டேன்," என்றார் மாடிக்காரர். குரலில் பழைய கெத்து இல்லை. "போகாமயா இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாப் போகுது."

"எப்பப் போச்சு? கடைசியா எப்பப் போச்சுன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். மனுஷன் உண்மையாகவே யோசித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்து காலையில... ஆஸ்பத்திரியில."

அண்ணி குனிந்து அவர் கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. மாவில் அழுத்தினால் நிற்குமே, அப்படி.

"முட்டி மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டே ரெண்டு. படுத்தே கெடந்தா முட்டி புடிச்சுக்குது."

"கிளம்புங்க."

"நாளைக்கு வியாழக்கிழமைதானே? நாளைக்குத்தானே ரத்தம் குடுக்கச் சொன்னாங்க? ஒரு ராத்திரியில என்ன ஆயிடப்போகுது? இப்பப் போய் நின்னா, பொய் எழுதினான்னு தெரியும். அதை எழுதி வெச்சிட்டாங்கன்னா எனக்குச் சான்று குடுப்பானா? யோசிச்சுப் பேசு."

"நான் யோசிச்சாச்சு."

"என்னைத் தரையில உக்கார வெக்கணுமா உனக்கு?"

"ஆமா," என்றார் அண்ணி. "தரையில உக்காருங்க. உயிரோட உக்காருங்க. தம்பி, நீங்க போய் ஆட்டோ கூட்டிட்டு வாங்க."

நான் ஓடினேன். தூறல் வலுத்திருந்தது. முதல் இரண்டு ஆட்டோவும் நிற்கவில்லை. மூன்றாவதை நடுரோட்டில் நின்று மறித்தேன். திரும்பி வந்தபோது அண்ணி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டிருந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தது, அதைச் சரிசெய்யவும் மாடிக்காரர் கையை எடுக்கவில்லை. வழி முழுக்க அவர் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி மடியில் ஒரு துணிப்பை. உள்ளே அந்த ஜாடி.

அவசரப் பிரிவில் அதே டாக்டரம்மா. அண்ணி பையிலிருந்து ஜாடியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தார். தாளையும் பக்கத்தில் வைத்தார்.

"இது நனையவே இல்லம்மா. இதுல எழுதியிருக்கறது ஒண்ணும் நெசமில்ல. நேத்து காலையிலேர்ந்து அவருக்கு வரல. முட்டி மாத்திரையும் ரெண்டு போட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில எழுதினதும் நெசமான்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். புருஷனைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அழவும் இல்லை. கழுவாத தட்டைத் தனியாக எடுத்து வைப்பது மாதிரி உண்மையை எடுத்து அங்கே வைத்துவிட்டார். இருபத்து மூன்று வருஷமாக ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டிருந்த என்னால் முடியாத காரியம்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பழைய கோப்பை வரவழைத்துத் திங்கட்கிழமைத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே பேனா, ஒரே சாய்வு. அவருக்கும் இப்போது தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தன் மேலேயே ஏதோ கோபம் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

உப்பு நாலு புள்ளி எட்டு. பொட்டாசியமும் ஏறியிருந்தது. அப்படியே விட்டால் இதயமே நின்றுவிடுமாம். எந்த இதயத்தைப் பார்க்க வந்தோமோ அதே இதயம். டயாலிசிஸ் அறைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் குழாய் போட்டார்கள்.

நாங்கள் இருவரும் வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா வந்து எங்கள் எதிரில் நின்றார்.

"இப்ப ஆபத்து கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்மா. ராத்திரி விட்டுட்டு நாளைக்கு வந்திருந்தீங்கன்னா எனக்குத் தெரியல. கிட்னி திரும்ப வேலை செய்யுமான்னு பாக்கணும். சில பேருக்கு ரெண்டு வாரத்துல வரும், சில பேருக்கு மூணு மாசம் ஆகும். சில பேருக்கு..." நிறுத்திக்கொண்டார்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார் அண்ணி.

"திங்கக்கிழமை சாயங்காலம் தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டேன். முட்டி மாத்திரை போட விட்டிருக்க மாட்டேன். நிச்சயமாத் தடுத்திருப்பேன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

அவர் போன பிறகு அண்ணி கொஞ்சநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்த கை.

"தம்பி," என்றார்.

"சொல்லுங்கண்ணி."

"திங்கக்கிழமை நீங்கதானே கூட இருந்தீங்க. அந்தத் தாளைப் பாத்தீங்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"பாத்தேன்."

"முன்னாடியே எழுதி வெச்சிருக்காருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன் அண்ணி."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பெஞ்சில் கொஞ்சம் தள்ளிக்கூட உட்காரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்க் குழாயடியில் அந்த ஜாடியைக் கழுவினார். அடியில் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கழுவி முடித்து வந்து, "கேண்டீன்ல இருந்து ரொட்டி கொண்டுவந்தேன். நீங்களும் சாப்பிடலையே, சாப்பிடுங்க," என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அதை வாங்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். இரண்டாவது தடவை குளிரில் உடம்பு தூக்கிப் போட்டதாம். மூன்றாவது தடவை தூங்கினாராம். நான் ஷிஃப்ட் முடிந்து பார்வை நேரத்துக்குப் போய்வருவேன். மாடிக்காரர் என்னிடம் பேசுவார். அண்ணியிடம் மட்டும் பேசவில்லை. எட்டு நாள் அப்படியே போயிற்று. அண்ணி உப்பில்லாத கஞ்சி கொண்டுவருவார், ஊட்டுவார், வாய் துடைப்பார், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். அவர் வாயைத் திறப்பது கஞ்சிக்கு மட்டும்தான்.

இப்போது தண்ணீருக்கும் அளவு. ஒரு நாளைக்கு அரை லிட்டர். வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று தள்ளின தண்ணீரை இப்போது கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் என்னிடம், "தாகமா இருக்குப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

தொழிற்சாலையில் அவரைத் தரைக்கு மாற்றி உத்தரவு தட்டச்சு செய்தாகிவிட்டது. சேமிப்புக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அந்தத் தாளும் என் மேஜை வழியாகத்தான் போனது. நான் முத்திரை குத்தினேன். கிரேன் தாளுக்கு மட்டும் இப்போதெல்லாம் முன்கூட்டியே குத்துவதில்லை. பாட்டில்காரர், "என்ன திடீர்னு பெரிய அதிகாரி ஆயிட்டே?" என்று முறைத்தார். முறைக்கட்டும்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் நான் போனபோது அண்ணி அவர் கால் மாட்டில் உட்கார்ந்திருந்தார். இப்போது அண்ணியைப் பார்வை நேரம் பார்க்காமல் உள்ளே விடுகிறார்கள். படுக்கையில் புதுத் தாள் ஒன்று அட்டையில் மாட்டியிருந்தது. உயரமான நர்ஸ் அதைக் கொடுத்துவிட்டு, தன் சத்தமான குரலை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் மாதிரி, "அம்மா, நீங்களே அளந்து எழுதிடுங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அண்ணி பேனாவை எடுத்து அவர் கையில் வைத்திருக்கிறார்.

"நீங்களே எழுதுங்க," என்றாராம்.

அட்டை அவர் மடியில் இருந்தது. பார்த்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு பூஜ்யம். பத்து மணிக்கு ஒரு பூஜ்யம். பன்னிரண்டு, இரண்டு, எல்லாவற்றிலும் பூஜ்யம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்று நடுங்கியிருந்தது, ஒன்று கோட்டுக்கு வெளியே போயிருந்தது. அந்தந்த நேரத்தில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தாள் பார்த்தே கிழவனாகப் போகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

நாலு மணி அடித்தது. அண்ணி எழுந்து அவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜாடியையும் எடுத்துக்கொண்டார். வார்டு முழுக்கப் பார்த்தது. அவர் காது சிவக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு, நாலு மணிக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார்.

ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடியும் மணி அடித்தது. நான் கிளம்ப வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு மணிக்கு இன்னொரு தடவை அந்த நடையும், அந்த ஐந்து நிமிஷமும், அந்த ஒன்றுமில்லாததும்.

"அண்ணே, ஆறு மணிக்கும் அதேதானே இருக்கப் போவுது," என்றேன். "இப்பவே போட்டுட்டுப் படுத்துக்குங்களேன். எதுக்கு நடந்து நடந்து..."

பழக்கம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, எட்டு நாளுக்குப் பிறகு, அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அஞ்சுதான் ஆகுது," என்றார் அண்ணி.

"இன்னும் ஆகலப்பா," என்றார் மாடிக்காரர் என்னிடம். பேனாவை மூடி அண்ணியிடம் கொடுத்துவிட்டு அட்டையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சாய்ந்துகொண்டார். ஆறு மணிக் கட்டம் காலியாக இருந்தது.